அங்கியில் மொய்த்த எறும்பு

சாய்ரா வந்தபோது அவள் துப்பட்டாவில் ரத்தம் காய்ந்திருந்தது. அவளுடையதல்ல, தம்பி ஷாகிருடையது. கடலூர் ஆய்வுக்கூடத்துக் காவலாளிகள் அவனைக் கீழே தள்ளி மிதித்து, பல்லை உடைத்த பிறகுதான் போலீசிடம் ஒப்படைத்தார்களாம்.

“அவன் யாரையும் கொல்லலம்மா,” என்று சந்திரலேகாவின் அண்ணாமலை நகர் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். “அவன் மச்சான் உசுரே அந்தத் தொட்டியிலதான் இருந்துச்சு. அத அவனே ஒடப்பானா?”

சந்திரலேகா யோசித்தார். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் அந்த அம்மாளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. அவசரத்தையெல்லாம் உதவியாளன் நவ்ஷாத் குத்தகைக்கு எடுத்திருந்தான். அவன் கையில் அதற்குள் கார் சாவி ஆடியது.

விஷயம் இதுதான். சாய்ராவின் கணவர் குலாம் முகம்மதுவுக்கு ரத்தப் புற்றுநோய். அவர் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, நோயோடு சண்டைபோடும்படி மாற்றி, கடலூரில் ஒரு தொட்டியில் வளர்த்துவந்தார்கள். அவை எப்படிப் பெருகும், எவ்வளவு சர்க்கரை தின்னும் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் மாதிரியை எழுதியவன் இளவரசு. நேற்றுக் காலை அவன் மண்டை பிளந்து செத்துக் கிடந்தான். தொட்டியும் நொறுங்கிக் கிடந்தது. “இன்னும் இழுத்தடிச்சா மண்டையப் பொளந்துருவேன்” என்று முந்தின நாள் அங்கே கத்தியவன் ஷாகிர். நேற்றும் வாசலில்தான் நின்றிருந்தான். அடித்த ஆயுதம் கிடைக்காவிட்டால் என்ன, போலீசுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடலூர் கூடத்தில் சுவரெல்லாம் ரத்தம். மேலாளர் திருநாவுக்கரசு திரையைக் காட்டினார்.

“பாருங்க மேடம். நீலக் கோடு கம்ப்யூட்டர் முன்னாடியே சொன்னது. செவப்பு, தெனம் அளந்தது. அளவு எல்லாம் நான்தான் பதிவேன், வேற யாரையும் தொட விடமாட்டேன். அணுவெல்லாம் சர்க்கரையத் தின்னு தீத்து, கடைசியில துளிகூட இல்ல. மறுபடி ஊத்தப்போற நேரத்துல பாவி வந்து ஒடச்சிட்டான்!”

நவ்ஷாத் நீலத்தைத் தேடினான். காணோம். சிவப்பு அப்படியே அதன்மேல் படுத்திருந்தது.

“அடேங்கப்பா! ஜோசியக்காரன் கெட்டான் போங்க!” என்றான்.

“ம்,” என்றார் சந்திரலேகா.

அடுத்து காவல் நிலையம். லாக்கப்பில் ஷாகிரின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் கார்த்திகேசன், இளவரசுவின் வெள்ளை அங்கியைக் காகிதப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். மார்பில் ரத்தம் கறுத்திருந்தது. தொட்டித் தண்ணீர் நனைத்த வலது கையில் மட்டும் எறும்பு அப்பிக் கிடந்தது.

“இங்க எறும்பு ஜாஸ்தி மேடம்,” என்று அவர் தட்டிவிடப் போனார்.

“தட்டாதீங்க!” என்று சந்திரலேகா போட்ட அதட்டலில் நவ்ஷாத்தே பயந்துபோனான். “இதுல டீ, கீ எதாவது சிந்துச்சா?”

“இல்லீங்க. வந்த மாதிரியே இருக்கு.”

சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கார்த்திகேசனும் சாய்ராவும்தான்.

“திருநாவுக்கரசு சார்,” என்று சந்திரலேகா நிதானமாக ஆரம்பித்தார். “தொட்டியில சர்க்கரை துளிகூட இல்லன்னீங்க. அப்பறம் இளவரசு அங்கியில அந்தத் தண்ணி பட்ட கையில மட்டும் எறும்பு ஏன் மொய்க்குது? ரத்தத்துல ஒண்ணுகூட இல்ல.”

மேலாளர் மூலையில் நின்ற காற்றுச் சிலிண்டர் பக்கம் நகர்ந்தார்.

“சர்க்கரை அப்படியே இருக்கு. ஏன்னா, தின்ன வேண்டிய அணு எப்பவோ செத்துப்போச்சு.”

சாய்ரா “யா அல்லா!” என்று அலறி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அப்ப அந்த செவப்புக் கோடு?” என்ற நவ்ஷாத் தலையில் அடித்துக்கொண்டான். “ரெண்டும் ஒண்ணாக் கெடந்துச்சே, மேடம்!”

“உசுருள்ளது எதுவும் கணக்குப்படியே நடக்காதுடா. கொஞ்சம் மேல கீழ ஆடும். கம்ப்யூட்டர் சொன்னதையே அளந்ததா எழுதினாத்தான் ஆடாது. எழுதுறவர் இவர் ஒருத்தர்தான். இளவரசு அதப் பாத்துட்டான், கேக்க வந்தான், செத்தான். செத்த தொட்டியையும் ஒடச்சு, கத்துன ஷாகிர் தலையில பழியப் போட்டாச்சு.”

திருநாவுக்கரசு சிலிண்டருக்குப் பின்னால் கைவிட்டார். வெளியே வந்தது குழாய் முடுக்கும் கனமான இரும்புத் திருகுசாவி. அது சந்திரலேகாவின் தலையை நோக்கி இறங்கும்போது நவ்ஷாத் குறுக்கே பாய்ந்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அந்த வலியோடே மேலாளர் மூக்கில் தலையால் ஒரு முட்டு முட்டினான். ரத்தம் கொட்ட, இருவரும் உருண்டார்கள். கார்த்திகேசன் மேலாளரின் முதுகில் ஏறி விலங்கு மாட்டினார். திருகுசாவியின் பல்லிடுக்கில் இளவரசுவின் ரத்தம் காய்ந்து முடி ஒட்டியிருந்தது.

“தொட்டிக்குக் காத்துக் குழாயத் தெறக்க மறந்துட்டேன், அணுவெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துருச்சு...” என்று மேலாளர் அழுதார். “வேல போயிடும்னு...”

சந்திரலேகா அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். “குலாம்கிட்ட எடுத்த அணு மிச்சம் இருக்கா? சொல்லுய்யா!”

“பாதி... ஒறைய வச்சிருக்கு.”

சாய்ரா விட்ட அறையில் அவர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. “அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் புள்ள செத்திருக்க மாட்டானேடா பாவி!”

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஷாகிர் மறுநாளே வெளியே வந்தான்.

மிச்சப் பாதியை வேறொரு கூடத்தில் வளர்த்தார்கள், இளவரசுவின் மாதிரியைக் கொண்டே. ஒருநாள் சாய்ரா அங்கே திரையைப் பார்த்துப் பதறினாள். சிவப்புக் கோடு நீலத்துக்கு மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு போனது.

“என்னப்பா இது, இப்படி ஆடுது?”

கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்த நவ்ஷாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆடட்டும்க்கா,” என்றான். “உசுரோட இருக்கு.”