யார் வைத்த புள்ளி?

அம்மா டாக்சி ஓட்டுகிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி கிளம்புவாள்.

அந்தத் தூக்க நேரத்தில் பட்டாணிக்கு ஒரு ரகசிய வேலை. உருண்டை முகம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாளித் தண்ணீரை எடுத்துப்போய், வெயிலில் நிற்கும் டாக்சியின் முன்கண்ணாடியைக் கழுவுவாள். துடைக்கமாட்டாள். "கழுவின பாத்திரத்தைத் துணியால துடைக்கக் கூடாது, தானா காயணும்" என்பது சமையலறையில் அப்பா போட்ட சட்டம். பாத்திரத்துக்கு நல்லது கண்ணாடிக்கும் நல்லதுதானே?

ஒருநாள் அம்மா வாடிய முகத்தோடு வந்தாள்.

"கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையா புள்ளி. எதிர்ல வர்ற வண்டி லைட் பட்டா ஒண்ணுமே தெரியலை. நேத்து ஒரு சைக்கிள்காரர் கிட்ட வந்தப்புறம்தான் பிரேக் போட்டேன். இது போகலைன்னா சாயங்கால சவாரியே வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

பட்டாணிக்குப் பயமாக இருந்தது, குழப்பமாகவும் இருந்தது. தினமும் கழுவுகிற கண்ணாடியில் புள்ளி எப்படி வரும்?

வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். மாடி வீட்டுத் தையல்காரரின் கொடியிலிருந்து ஈரச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் அகப்பட்டாயிற்று.

"மாமா, உங்க சட்டைதான் எங்க கண்ணாடியைக் கெடுக்குது."

தையல்காரர் சட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "தைச்ச எனக்கே தெரியாம இது இந்த வேலை பண்ணுதா?" என்று முணுமுணுத்தபடி கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினார்.

பட்டாணி நிம்மதியாக இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊற்றிக் கழுவினாள். சாயங்காலம் பார்த்தால் புள்ளிகள் கூடியிருந்தன.

புறாவோ? புறா வைக்கிற புள்ளி வேறு மாதிரி இருக்குமே. பனியோ? மத்தியானத்தில் ஏது பனி? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

அன்று அம்மா சவாரிக்குப் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பட்டாணிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பாத்திரக் கூடையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்தாள். அதிலும் அதே வெள்ளைப் புள்ளிகள்.

"அப்பா, சட்டை இங்கேயும் சொட்டுதா?"

"எந்தச் சட்டை? நம்ம குழாய்த் தண்ணியில உப்பு ஜாஸ்தி. தண்ணி காய்ஞ்சுடும், உப்பு மட்டும் ஒட்டிக்கும். வினிகர் போட்டுத் தேய்ச்சா போயிடும்."

பட்டாணி டம்ளரைப் பார்த்தாள். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தாள். பிறகு தன் வாளியைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, புள்ளி வச்சது நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான். தினமும் கழுவிட்டு, அப்படியே காய விட்டேன்."

கோபப்படுவதா, சிரிப்பதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சட்டம் போட்ட அப்பா தலையைச் சொறிந்தார்.

"முதல்ல ஒரு மூலையில மட்டும் போட்டுப் பார்க்கலாம்" என்றாள் பட்டாணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, மெத்தென்ற துணியை நனைத்து, மூலையில் சற்று நேரம் ஒற்றி வைத்துத் தேய்த்தாள். கீழே பெயின்ட் மேல் வழியாமல் அப்பா ஒரு துணியைப் பிடித்துக்கொண்டார். அந்த மூலையில் மட்டும் தெரு பளிச்சென்று தெரிந்தது. பிறகென்ன, முழுக் கண்ணாடியையும் மூவரும் சேர்ந்து தேய்த்தார்கள். கடைசியில் கழுவி, உலர்ந்த துணியால் ஒரு சொட்டு விடாமல் பட்டாணி துடைத்தாள். தண்ணீர் ஒட்டாமல் இருக்கக் கண்ணாடிக்கென்றே விற்கிற பூச்சை அம்மா வாங்கிவந்து மெல்லிசாகப் பூசினாள்.

பட்டாணி மாடிக்கு ஓடினாள். "மாமா, உங்க சட்டை மேல தப்பே இல்லை. கொடியைப் பழையபடி முன்பக்கமே கட்டிக்கோங்க."

"பாவம், நான் அதைத் திட்டிட்டேனே" என்று அவர் சட்டையைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் சட்டை மறுபடி சொட்டியது. சொட்டுகள் கண்ணாடியில் நிற்காமல் உருண்டு ஓடின. அம்மா சவாரிக்குக் கிளம்பினாள். திரும்பி வரும்வரை பட்டாணி வாசலிலேயே நின்றாள்.

"அந்த சைக்கிள்காரர் வந்தாராம்மா? தெரிஞ்சாரா?"

"தூரத்துலேயே தெரிஞ்சார். சட்டையில ஒரு பொத்தான் இல்லை, அதுகூடத் தெரிஞ்சுது."

மேலேயிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குப் பார்த்தா, அவரை என்கிட்ட வரச் சொல்லுங்க."