டாக்டர் லூடக்கேயின் காது

மாலை 3.40. பேருந்தில் நீளப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வயலின் வில் இல்லை.

கெசினே ஹார்ம்ஸ் பேருந்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறந்துபோன கணவரின் வில் அது, விலை மதிப்புள்ளது. மறுநாள் லைப்ஸிக்கில் கணவருடைய கடைசி மாணவியின் கையில் அதைக் கொடுக்கத்தான், இசைமேதை பாஹ் வாழ்ந்த ஊர்களைச் சுற்றும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார்.

"அழக்கூடத் தொண்டை இல்ல," என்றார். தேவாலயக் கச்சேரியின் முடிவில் எல்லாரும் சேர்ந்து பாடிய துதிப்பாட்டு எட்டாத உயரத்துக்குப் போய் அவர் குரலைக் கிழித்திருந்தது.

வழிகாட்டி ஜெட்டே வோல்காஸ்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. பயணம் தொடங்கியதிலிருந்து ஓய்வூதியக்காரர்களை மேய்க்கிறாள். காபி ஆறிவிட்டது, மெத்தை அமுங்குகிறது, பாஹ் இத்தனை பிள்ளை பெற்றிருக்க வேண்டாம் என்று ஓயாத முறையீடு. அதில் அன்ஸ்கர் லூடக்கே தனி ரகம். முன்னாள் இசை ஆசிரியர். 'டாக்டர்' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடும் பிறவிக் காது அவருக்கு. சொல்லிவிட்டு நிறுத்தினால் தேவலை. விடுதி லிஃப்ட் மணி சுருதி சேரவில்லை என்று புகார் எழுதினார். ஐசனாக்கில் பழைய கருவியை வாசித்துக் காட்டியபோது, அரைச் சுரம் இறங்கியிருக்கிறது, பல் கூசுகிறது என்று பாதியில் எழுந்து போனார்.

இப்போது எல்லார் பார்வையும் ஓட்டுநர் ரிஃபாத் மேல். யாரும் எதுவும் கேட்பதற்குள் ஒருவர் அவர் பையை இருக்கையில் கவிழ்த்துவிட்டார். ரொட்டி, ஆலிவ் டப்பா, துவைத்த காலுறை. வில் இல்லை. எங்கேயோ கைமாற்றியிருப்பான் என்றார் கவிழ்த்தவர், வெட்கமில்லாமல். காற்றோட்டத்துக்காகப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனதாக ரிஃபாத் ஒப்புக்கொண்டது இன்னும் வசதியாகப் போயிற்று. பயண நிறுவன முதலாளியம்மா தொலைபேசியில் ஒரே போடாகப் போட்டார்: போலீஸ் வந்ததும் அவனை ஒப்படை, இன்றோடு வேலை கிடையாது.

"நான் தொடல, மகளே," என்றார் ரிஃபாத்.

கச்சேரி நேரத்தில்தான் வில் போயிருக்கிறது. ஆனால் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்களாம். ஜெட்டே மாடத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு இசைத்தாளின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், கீழே பார்க்கவில்லை. இந்தக் கூட்டமோ ஆளுக்கொரு பெஞ்சு, தூணுக்கொருவர் என்று உட்காரும் கூட்டம். யாருக்கும் யாரும் சாட்சி இல்லை.

ஒவ்வொருவராக விசாரித்தாள். "தூங்கிட்டேன். ஆனா உள்ளதான் தூங்கினேன்," என்றார் பையைக் கவிழ்த்தவர். லூடக்கே, ஐசனாக்கில் வாங்கிய பாஹ் படம் சுருட்டிய குழாயை மடியில் வைத்துக்கொண்டு, வாசித்தவற்றை வரிசையாக ஒப்பித்தார். வாசலில் எல்லாருக்கும் கொடுத்த நிகழ்ச்சித் தாளிலும் அதே வரிசைதான்.

"எப்படி இருந்துச்சு, டாக்டர்?"

"குறையே சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு சுரமும் அதது இடத்துல."

ஜெட்டே ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு எல்லாரையும் மறுபடி தேவாலயத்துக்குள் ஓட்டினாள். முனகிக்கொண்டே போனார்கள்.

"கடைசிப் பாட்டோட முதல் சுரத்தைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க, டாக்டர்."

அவருக்குப் பெருமை. கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார். ஜெட்டே கையசைக்க, மாடத்தில் இருந்தவர் பாட்டின் முதல் கட்டையை அழுத்தினார். ஆர்கன் அவர் குரலுக்கு மேலே போய் இடித்தது. லூடக்கேயின் முகம் கோணியது.

"அங்கதான்," என்றார் கெசினே. "என் தொண்டை கிழிஞ்சது அந்த உயரத்துலதான்."

"இது பழங்காலத்து ஆர்கன்," என்றாள் ஜெட்டே. "இப்போ பாடுற சுருதிக்கு ஒரு முழுச் சுரம் மேல நிக்குது. ஊருக்கு ஊர் வேற மாதிரி, கேட்டாத்தான் தெரியும். அரைச் சுரம் இறங்கினதுக்கே எழுந்து ஓடின ஆளு நீங்க. முழுச் சுரம் ஏறினதை உக்காந்து கேட்டிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பீங்களா? நீங்க கேக்கவே இல்ல. தாள்ல பேரைப் பாத்து, புத்தகத்துல இருக்கிற சுரத்தைப் பாடினீங்க. சரியாத்தான் பாடினீங்க. மத்தவங்களா இருந்தா தப்பாப் பாடித் தப்பிச்சிருப்பாங்க."

லூடக்கே மடியிலிருந்த குழாயை அணைத்துக்கொண்டார்.

"காலைல வரைக்கும் பஸ் மேல்தட்டுல கிடந்த குழாய், இப்போ ஏன் மடியிலயே இருக்கு?"

குழாயை கெசினேதான் திறந்தார். படத்துக்கு நடுவில் வில் பத்திரமாக இருந்தது.

"ஒரு சின்னப் பொண்ணு கையில போய் வீணாகும்," என்றார் லூடக்கே. "அதோட அருமை எனக்குத் தெரியும்."

"ரிஃபாத் வேலையோட அருமை?" என்று கேட்டாள் ஜெட்டே.

போலீஸ் லூடக்கேயை அழைத்துப் போனது. முதலாளியம்மா வேலைநீக்கத்தை வாபஸ் வாங்கினார். மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்தில், லைப்ஸிக்கில் இரவு உணவு காத்திருக்கிறது, உடனே கிளம்பு என்றார். கூட்டமும் ஒன்றும் நடக்காததுபோல் ஏறப் பார்த்தது.

ரிஃபாத் கதவை மூடிவிட்டு, சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஓட்டுநருக்குச் சட்டப்படி முக்கால் மணி ஓய்வு. திருடன் பட்டத்தோட நின்ன நேரம் அதுல சேராது. இப்போதான் ஆரம்பிக்குது."

இருக்கையைச் சாய்த்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். வெளியே தூறல் தொடங்கியது. பையைக் கவிழ்த்தவர் ஜெட்டேயிடம் வந்து, அவனிடம் கொஞ்சம் சொல்லேன் என்றார்.

"சட்டம்ங்க," என்றாள் ஜெட்டே. குடையை கெசினேக்கும் வில்லுக்கும் மட்டும் பிடித்தாள்.