கூட்டிட்டுப் போக யாரும் வரல

கப்பலில் ஏறியதும் நான் முதலில் தேடிப் போனது கடலை அல்ல, குழந்தைகள் கிளப்பை. ஆறு வயது மகளைக் காலையில் ஒப்படைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகவே இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தேன். வெளியே சொன்னால் நல்ல அம்மாதான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு முதுகைச் சாய்க்கக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

கிளப் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவு முழுக்க வாத்து ஸ்டிக்கர்கள். உள்ளே ரப்பர் தரை, பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பிய தொட்டி, ஒரு வட்ட ஜன்னல். புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் காயாத துணியின் வாடை லேசாக வந்தது. கப்பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பொறுப்பிலிருந்த பெண்ணைக் குழந்தைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் என் மகளின் மணிக்கட்டில் ஆரஞ்சு நிற ரப்பர் பட்டையை மாட்டினாள். அதில் எங்கள் அறை எண்ணும் என் போன் நம்பரும் அச்சாகியிருந்தன.

“பட்டை இருந்தாத்தான் வெளிய விடுவோம் மேடம். தொலைச்சிடாம பாத்துக்கோங்க.”

அன்று சாயங்காலம் அழைத்துவரப் போனபோது மகளின் முகம் தொங்கிக் கிடந்தது.

“பந்துத் தொட்டிக்குப் பின்னாடி ஒரு பையன் இருக்கான்மா. அவனுக்குப் பட்டையே இல்ல. கூட்டிட்டுப் போக யாரும் வரலயாம்.”

அக்காவைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. ரப்பர் தரையில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தேங்கி நின்றது. இவளாகக் கற்பனை செய்கிறாள் என்று நினைத்து, ஷூவை மாட்டிவிட்டபடியே சொன்னேன்.

“பாவம். அப்ப நாளைக்கு நாமளே கூட்டிட்டுப் போயிடலாம்.”

பிள்ளைகளிடம் போகிறபோக்கில் ஆயிரம் சொல்கிறோம். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

மறுநாள் மழையும் மூடுபனியும். குழந்தைகளுக்குத் தலைமூடி வைத்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டு மேல்தளத்தில் விளையாட விட்டிருந்தார்கள். அழைத்துவரும் முறை என் கணவருடையது. போனில் இருக்கும்போது கையில் குடையைக் கொடுத்தால்கூட மகள் என்று பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷன். நான் மசாஜ் முடிந்து அறைக்குத் திரும்பியபோதும் ஆபீசோடுதான் பேசிக்கொண்டிருந்தார். மேல் படுக்கையைக் கண்ணால் காட்டினார்.

“வந்ததும் ஏறிப் படுத்துட்டா. கோட்டைக்கூடக் கழட்டல.”

படுக்கையின் ஓரத்தில் ஒரு சின்னக் கை தொங்கியது. மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளம் நனைந்திருந்தது. சளி பிடிக்குமே என்ற கவலையில் அந்தக் கையை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

ஐஸாகக் குளிர்ந்தது.

விரல்கள் வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

அறை டெலிபோன் அடித்தது. மறு கையால் எடுத்தேன்.

“மேடம், கிளப்லருந்து பேசறேன்,” என்றாள் அக்கா. “எல்லாரும் போயாச்சு. உங்க பொண்ணு மட்டும் தனியா உக்காந்திருக்கா. பட்டையையும் காணோம். யார் வரீங்க?”

அந்த விரல்கள் என் விரல்களை மெல்லப் பற்றிக்கொண்டன.

மஞ்சள் தலைமூடி என் பக்கம் திரும்பத் தொடங்கியது.

கையை உதறிக்கொண்டு கணவரைக் கதவுவரை இழுத்தேன். “யாரக் கூட்டிட்டு வந்தீங்க?”

“அவளத்தான். மேல வாசல்ல பட்டையப் பாத்து விட்டாங்க. கைய நீட்டினா, புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.”

“மூஞ்சியப் பாத்தீங்களா?”

காதிலிருந்த போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

ஓடினோம். மகள் பந்துத் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தாள். அவளை அள்ளிக்கொண்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அவளுடைய மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“அவனுக்குக் குடுத்துட்டேன்மா. நீதான கூட்டிட்டுப் போலாம்னு சொன்ன?”

ஊழியர்களோடு அறைக்குத் திரும்பியபோது மேல் படுக்கையில் மழைக்கோட்டு மட்டும் கிடந்தது. மெத்தை உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. பட்டை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த துறைமுகத்திலேயே மூட்டைமுடிச்சோடு இறங்கிவிட்டோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மகளை அழைத்துவருவது வழக்கமாக அவள் அப்பாவின் வேலை. முதல் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. நானே போய்க் கூட்டி வந்துவிட்டேன். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொடுத்து, அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தேன். இனி இவளை எதற்காகவும் கண்ணை விட்டு அகற்றுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பள்ளி வாட்ச்மேன்.

“மேடம், கேட்ல ஒரு சின்னப் பையன் நிக்கறான். கையில ஆரஞ்சுப் பட்டை கட்டியிருக்கு, அதுல உங்க நம்பர்தான் இருக்கு. தொப்பலா நனைஞ்சிருக்கான். இங்க மழையே இல்ல.”

அவனைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகளைக் கூட்டி வந்துவிட்டதைக் கணவரிடம் சொல்ல மறந்தது அப்போதுதான் உறைத்தது.

“பரவால்ல மேடம், சார் வந்துட்டார்,” என்றார் வாட்ச்மேன். “போன் பேசிக்கிட்டே வரார். பையன் கைய நீட்டினான், புடிச்சுக்கிட்டார்.”

கணவரின் நம்பருக்கு அடித்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தேன்.

மகள் எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்து, மிச்சமிருந்த பிஸ்கட்டில் பாதியை அதில் வைத்தாள்.