எட்டு நாற்பதுக்கு வந்த அப்ரூவல்

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

நான்காவது மாடியையே உலுக்கியது அந்த அலறல்.

ஆபீஸ் பெருக்கும் அம்மாள், அவசரப் படிக்கட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

லீட் ஓடினாள்.

அந்த வெப்சைட் கம்பெனியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த டூலில் வேலை செய்ய வேண்டும், எழுதிய கோட் எந்த வழியாக வெளியே 'லைவு'க்குப் போக வேண்டும்... எல்லாம் அவள் போட்ட ஏற்பாடு.

எட்டிப் பார்த்தாள்.

படி திரும்பும் இடத்தில் கிடந்தார்... பூட்டு!

கழுத்து இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. அவர் கையிலிருந்து சிந்திய காபி, ஐந்து படிகளில் வழிந்து, பிசுபிசுவென்று காய்ந்து, ஈ மொய்க்கக் கிடந்தது.

இருபது வருஷ சீனியர். அவர் படித்துப் பார்த்து 'அப்ரூவ்' கொடுக்காமல் ஒரு வரி கோட் கூட வெளியே போகாது. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர், பூட்டு!

அவள் பின்னங்கழுத்தில் ஒரு சூடான மூச்சு. புதினா மிட்டாய் வாசம்.

மேனேஜர்.

"போயிட்டாரா?"

"ஆமா சார்..."

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். மணி ஒன்பதரை.

"பன்னெண்டுக்கு ஆஸ்பத்திரி சைட் லைவ் போகணும். இவரு அப்ரூவ் குடுத்துட்டுப் போனாரா, இல்லையா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"குடுத்துட்டார் சார்!" தாடி செல்போனைத் தூக்கிக் காட்டினான். டீமில் அவளுக்கு அடுத்தபடி இந்தத் தாடிக்காரன்தான். "எட்டு நாற்பதுக்கே குடுத்துட்டார். அப்பாடா!"

அப்பாடா!

அந்த ஒரு சொல் அவள் மேல் கரப்பான்பூச்சி போல ஊர்ந்தது.

*

பத்து மணி.

மீட்டிங் ரூமில் இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம்.

"மேடம், டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? எட்டேகாலுக்கு மேல உயிர் இருந்திருக்க சான்ஸே இல்லையாம். முதுகுல கை வச்சு யாரோ தள்ளியிருக்காங்க. ஆனா உங்க ஆளு எட்டு நாற்பதுக்கு வேலை பார்த்திருக்கார்! எங்க ஸ்டேஷன்ல உயிரோட இருக்கறவனே பத்து மணிக்குத்தான் வர்றான்!"

அவள் சிரிக்கவில்லை.

"அவர் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியக் கூடாது சார். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பார்த்துதான் விடணும். அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்."

இன்ஸ்பெக்டர் ஒரு கீபோர்டைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்தார். பூட்டின் கீபோர்டு. பிஸ்கட் தூள், நரைமுடி, நகத்துண்டு... எல்லாம் உதிர்ந்தன. அடியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

பாஸ்வேர்ட்!

"உங்க தாடிகிட்ட கேட்டேன். 'சார் லீவுல இருந்தா நாங்களே அவர் பேர்ல போட்டுக்குவோம்'னு சாதாரணமா சொல்றான்."

அவள் அந்தச் சீட்டையே பார்த்தாள். நான்கு மாதம்... நான்கு மாதம் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு! உள்ளே இத்தனை அழுக்கா?

"காலையில எட்டு நாற்பதுக்கு முன்னாடி கதவுல கார்டு தேய்ச்சவங்க நாலு பேர். செத்தவர், மேனேஜர், தாடி..." இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். "உங்க தம்பி."

"சார்!"

"நேத்து சாயங்காலம் உங்க தம்பியும் இவரும் கத்திக்கிட்டாங்களாமே? எனக்கு இப்போதைக்கு அந்தத் தம்பி மேலதான் கண்ணு. மத்தியானத்துக்குள்ள வேற ஆள் கிடைக்கலன்னா, ஜீப்ல ஏத்திடுவேன்."

அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அவள்தான். இரண்டு கம்பெனியில் துரத்தப்பட்டவனை, மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இங்கே சேர்த்தாள். 'இந்தத் தடவை ஒழுங்கா இருப்பேன்க்கா' என்றான். இருக்கிறான் என்றுதான் நம்புகிறாள்.

"சார்... எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

*

அவள் தன் சீட்டில் உட்கார்ந்து, எட்டு நாற்பதுக்குப் பூட்டின் பெயரில் வந்த மாற்றத்தைத் திறந்தாள்.

அது குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக் கணக்கு. அம்மாவோ அப்பாவோ குழந்தையின் எடையைத் தட்டினால், எவ்வளவு மருந்து என்று சைட் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் பூட்டு தன் சோதனை ஃபைலில் இதற்கென்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். கணக்கு சரியாக வந்தால்தான் சைட் லைவுக்கு நகரும் என்று ஒரு தடை. இன்று காலை அந்த ஒரே ஒரு வரி நீக்கப்பட்டு, அப்ரூவலும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். பத்துக் கிலோ.

திரையில் பதில் வந்தது. மறுபடி தட்டினாள். அதே பதில்.

இருபத்திரண்டு கிலோ குழந்தைக்கான அளவு! கிலோவைப் பவுண்டு எடையாக மாற்றிவிட்டு, அதை மறுபடி கிலோ என்றே நினைத்துப் பெருக்குகிறது!

பன்னிரண்டு மணிக்கு இது ஊருக்குள் போனால்?

லைவுக்குப் போகும் வழியை முழுதாக அடைத்தாள்.

பிறகுதான் கவனித்தாள்.

நீக்கியது ஒரே வரி. ஆனால் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும்! முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள் மாறியதாகக் காட்டியது.

"இன்ஸ்பெக்டர் சார்... இங்க வாங்க!"

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்தபடி குனிந்தார். "எனக்கு இது கோலம் மாதிரிதான் தெரியுது. சொல்லுங்க."

"நாங்க எல்லாரும் ஒரு டூல் வச்சிருக்கோம். ஃபைலை சேவ் பண்ணினா, அதுவே எல்லா வரியையும் ஒரே மாதிரி ஒழுங்கா அடுக்கிடும். பூட்டு மட்டும் அதைப் போட்டுக்க மாட்டேன்னுட்டார். 'என் எழுத்த மெஷின் வந்து தலை வாரி விடணுமா?'ன்னு கேப்பார். இந்தச் சோதனை ஃபைல் முழுக்க அவர் கைல எழுதி அடுக்கினது. இப்ப மொத்தமும் டூல் அடுக்கின மாதிரி மாறியிருக்கு."

"அப்படின்னா?"

"எட்டு நாற்பதுக்கு இதைத் திறந்து சேவ் பண்ணினது அந்த டூல் இருக்கற மெஷின். அவர் மெஷின் இல்ல!"

"அந்த டூல் யார் யார்கிட்ட இருக்கு?"

"ஆபீஸ்ல மத்த எல்லா மெஷின்லயும். நான்தான் ஒரே மாதிரி போட்டு வச்சேன்."

"நல்லா வச்சீங்க போங்க! எந்த மெஷின்னு அந்த டூல் சொல்லாதா?"

"சொல்லாது." அவள் நிமிர்ந்தாள். "ஆனா சொல்லும்னு அவங்களை நம்ப வைக்கலாம்."

*

பத்தே முக்கால். மேனேஜர், தாடி, தம்பி... மூன்று பேரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த அப்ரூவல் பொய். வேற யாரோ போட்டிருக்காங்க. அந்த அடுக்கற டூல்ல பழைய வெர்ஷன், புது வெர்ஷன்னு ரெண்டு இருக்கு. ரெண்டும் அடுக்கற விதம் வேற. இது பழைய வெர்ஷன் அடுக்கினது. யார் மெஷின்ல பழசு இருக்குன்னு இன்னும் அரை மணி நேரத்துல போலீஸ் பார்ப்பாங்க."

வடிகட்டின பொய்! இரண்டும் ஒரே மாதிரிதான் அடுக்கும். எல்லா மெஷினிலும் புதுசுதான் இருந்தது.

"இதெல்லாம் ஒரு துப்பா லீட்?" தாடி சிரித்தான். "நான் அன்னிக்கே சொன்னேன், வேற டூல் எடுக்கலாம்னு. கேட்டீங்களா?"

ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான்... இவனுக்கு டூல் சண்டை!

மேனேஜர் பல்லைக் கடித்தார். "ஏம்மா, அரை மணி நேரமா? பன்னெண்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்றது? இந்த ப்ராஜெக்ட் போச்சுன்னா நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மொதல்ல வழியத் திறங்க!"

"கணக்கு தப்பு சார். குழந்தைங்க செத்துடும்."

"அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாமே! முதல் வாரத்துல எத்தன பேர் வந்துடப் போறாங்க?"

அவளுக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

இவர்தான்... இவராகத்தான் இருக்க வேண்டும். இவராகவே இருக்கட்டும்!

தம்பி மட்டும் அவள் தோளை மெல்லத் தொட்டான். "டென்ஷன் ஆகாதக்கா. காபி கொண்டு வரட்டா?"

அவள் கண் கலங்கியது.

மூவரும் கலைந்தார்கள். தாடி கான்ஸ்டபிளோடு கீழே சிகரெட் பிடிக்கப் போனான். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"இப்ப என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டூல் எல்லாத்தையும் ஆபீஸ் சர்வர்லயே வச்சிருக்கேன். யார் எதை எடுத்தாலும் இங்க ஒரு வரி விழும். பயந்தவன் மெஷினை மாத்தப் பார்ப்பான். காத்திருப்போம்."

ஐந்து நிமிஷம்...

எட்டு நிமிஷம்...

விழுந்தது!

இன்ஸ்பெக்டர் துள்ளினார். "என்ன? யாரு?"

"மேனேஜர் மெஷின்!"

அவள் குரல் கீச்சிட்டது. தம்பி இல்லை. தம்பி இல்லை!

அடுத்த நிமிஷம் வராந்தாவில் ஒரே கூச்சல். "எனக்கு டூல் எடுக்கற அந்தக் கறுப்பு ஸ்க்ரீன திறக்கவே தெரியாது சார்! என் லேப்டாப் எப்பவும் திறந்துதான் கிடக்கும்! நான் போன்ல இருந்தேன்... அம்மா, நீங்களே பார்த்தீங்களே, சொல்லுங்கம்மா!"

பார்த்தாள். கண்ணாடி வழியாக அவர் நடந்துகொண்டே இருந்ததை அவள் பார்த்தாள்தான்.

திரும்பித் திரையைப் பார்த்தாள். அந்த ஒரு வரியை முழுதாகப் படித்தாள்.

எடுக்கப்பட்டது புது வெர்ஷன் இல்லை.

பழசு!

மாட்டிக்கொள்வோம் என்று பயந்தவன் பழசை எதற்கு எடுக்க வேண்டும்? அடுத்தவன் மெஷினில் பழசைக் கொண்டு போய் வைக்க வேண்டும் என்றால் எடுக்கலாம்...

வரியின் கடைசிக்குக் கண் போனது. சர்வரிலிருந்து எதை எடுத்தாலும் தன் சாவியைத் தட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு ரகசிய எண்; தட்டினால் அவர் பெயர் வரியின் கடைசியில் பதிவாகும். மேனேஜருக்கு அவள் சாவி கொடுத்ததே இல்லை.

தட்டியிருந்த சாவி...

தம்பியுடையது!

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டுகிற கை. யார் மெஷினில் உட்கார்ந்தாலும் அதே எண்ணைத் தட்டியிருக்கிறது. தட்டியது அவனுக்கே தெரிந்திருக்காது.

"அக்கா, காபி."

பக்கத்தில் நின்றான். அவள் சட்டென்று திரையிலிருந்த அந்த ஜன்னலைச் சின்னதாக்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை தானாகச் செய்தது.

வராந்தாவில் மேனேஜர் கையில் விலங்கு ஏறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு இந்த வரி புரியாது. தாடி சோம்பேறி, தோண்ட மாட்டான். இதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பேசாமல் இருந்துவிட்டால்? அந்த ஆள் யோக்கியனா என்ன? 'அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம்' என்றவன்தானே! போகட்டுமே!

எவ்வளவு சுலபமாக நினைக்க முடிகிறது... தன்னிடமிருந்தே நாற்றம் அடிப்பது போல இருந்தது அவளுக்கு.

தம்பி காபியை ஸ்பூனால் கலக்கினான். நிதானமாக. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தான்.

"நான் அப்பவே நெனச்சேன்க்கா. அந்த மூஞ்சியும் அதுவும்... ஒழியட்டும் சனியன்! இனிமே நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி!

"நீ எழுதிக் குடுத்த மருந்துக் கணக்கை எங்கிருந்துடா எடுத்த?"

ஸ்பூன் நின்றது.

"நா... நானேதான் எழுதினேன்க்கா."

"எங்கிருந்து எடுத்த? சொல்லுடா!"

"நெட்லேர்ந்து... காப்பி பண்ணினேன். வேற நாட்டு சைட்டு. பவுண்டுன்னு கவனிக்கல." அவன் குரல் பிசிறடித்தது. "அவர் கண்டுபிடிச்சிட்டார்க்கா. 'உங்க அக்காகிட்ட சொல்றேன்'னார். காலையில வந்து படியில நின்னு கெஞ்சினேன். கேக்கல. திரும்பி நடந்தார். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்... ஒரே ஒரு தள்ளு... சத்தியமா உனக்காகத்தான்க்கா!"

"எனக்காகவா?"

"நீ அசிங்கப்படக் கூடாதுல்ல..."

அவள் குப்பைத்தொட்டியை இழுத்து, குனிந்து, வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது வாயைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த ஜன்னலை மறுபடி பெரிதாக்கினாள்.

"இன்ஸ்பெக்டர் சார்! விலங்கைத் தப்பான கையில மாட்டிட்டீங்க. இங்க வாங்க... கடைசியில இருக்கற பேரைப் படிங்க."

"அக்கா!" அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சொல்லாதக்கா! உனக்கு நான் ஒருத்தன்தானே இருக்கேன்!"

"ஆமாடா." அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "நான் எழுதிக் குடுத்த செட்டப் டாக்குமெண்ட்ல பதினோராம் பக்கம் போட்டிருக்கேன், சர்வர்ல எதை எடுத்தாலும் பேர் பதிவாகும்னு. கொலை பண்றவன் அதையாவது படிச்சிருக்கணும்!"

இன்ஸ்பெக்டர் வரியைப் படித்தார். ஒரு கணம் அவளைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

லிஃப்ட் கதவு மூடும்வரை அவன் "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மேனேஜர் விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். புதிதாக ஒரு மிட்டாயை வாயில் போட்டார். வாட்சைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

"ரொம்ப தேங்க்ஸ்மா... மனசே சரியில்ல. ஆமா... அந்தக் கணக்கை மட்டும் இப்ப மாத்திட்டா, பன்னெண்டுக்கு விட்டுடலாம்ல? அப்ரூவ் பண்ணத்தான் ஆள் வேணும்..."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஆள் மார்ச்சுவரியில இருக்கார் சார். நேர்ல போய்க் கேளுங்க... அப்படியே பக்கத்து டேபிள்ல ஒரு இடம் பார்த்துப் படுத்துக்குங்க!"