பதினோரு நிமிடம் முந்தி

சூளைக் கணினி பதினோரு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மதியம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. திரையில் ஒன்று ஆறு. மதிவதனி கைப்பேசியையும் எடுத்துப் பார்த்தாள். சுவர்தான் சரி.

சூளையை இயக்கும் மென்பொருள் பழங்காலத்தது, புதிய கணினி எதிலும் ஓடாது. அதனால் ஒரு கணினிக்குள் பாவனையாக இன்னொரு கணினி, அதற்குள் மூன்றாவது என்று வைத்து, கடைசியில் இருப்பதில் அதை ஓட்டிவந்தார்கள். போன வாரம் வெளிக் கணினியின் அடித்தளமான கெர்னலைப் புதுப்பித்ததிலிருந்து உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் ஒத்துப்போகவில்லை. மாமியார் மருமகள் சண்டைகூட இதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று காலையில் சிரித்திருந்தாள்.

அவள் கணவன் அன்புச்செல்வன் அதே சூளைக்குள் உடைந்த கல்லை மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே போகிறவன் இடுப்பில்தான் கேஸ் வால்வின் சாவி இருக்க வேண்டும். பீங்கான் பேட்டையில் யாரும் மீறாத வழக்கம் அது. ஆனால் வால்வு திறந்திருந்தால்தான் அவளால் சோதிக்க முடியும்.

"ஏங்க, சாப்பிடத்தானே போறீங்க? சாவியக் குடுத்துட்டுப் போங்க. வர்றதுக்குள்ள பாத்துடறேன்."

"கட்டுனவளாச்சேன்னு குடுக்குறேன். வேற ஆளு கேட்டா தரமாட்டேன்" என்று கொடுத்துவிட்டுப் போனான். அவள் வால்வைத் திறந்துவிட்டாள்.

திரையில் புதிய வரி விழுந்தது. 'ஒன்று ஆறு. சூளைக் கதவு திறப்பு.' நாற்பதடி தள்ளி இருந்த கதவு மூடியே கிடந்தது. கடிகாரக் கோளாறு பதிவையும் கெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மின்விசிறி கிளப்பும் வெள்ளை மண்தூளும் ஈரக் களிமண் வாடையும் தூரத்தில் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலின் ஊதலும் சூழ, பழைய பதிவுகளைத் தோண்டத் தொடங்கினாள்.

கிறீச்சென்று இரும்பு தேய்ந்தது. நிமிர்ந்தாள். சூளைக் கதவு திறந்திருந்தது. சுவரில் ஒன்று ஆறு.

திரைக்குத் திரும்பினாள். திரையில் அடுத்த வரிகள் ஏற்கெனவே காத்திருந்தன. 'ஒன்று எட்டு. கதவு மூடல். ஒன்று ஒன்பது. பர்னர் பற்றியது.'

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். உள் கணினியை நிறுத்தக் கட்டளையிட்டாள். நின்றுவிட்டது என்றது வெளிக் கணினி. உள்ளே கடிகாரம் ஓடியது. மறுபடி கட்டளை. ஓடியது. மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். திரை இருண்டது.

பின்னால் கதவு சாத்தும் சத்தம். மேஸ்திரி கோதண்டபாணி கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே! உள்ள யாரு?"

"யாரும் இல்லம்மா. தூசி வருதேன்னு சாத்துனேன். ஏன்?"

"அவரு எங்க?"

"கொத்துக் கரணைய உள்ள மறந்துட்டேன்னு இப்பத்தான்..."

அவர் முகம் செத்துப்போனது.

பக்கென்று பர்னர் பற்றியது.

ஓடினார்கள். பற்றியதும் தானாக விழும் பூட்டு விழுந்துவிட்டது. இருவரும் தொங்கியும் கைப்பிடி அசையவில்லை. சாவியைப் போட்டு வால்வைத் திருகினாள். மூடியது. நெருப்பு அணையவில்லை. உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். மூன்று முறை. பிறகு இல்லை.

கோதண்டபாணி தீயணைப்புக்குப் போன் செய்தபடி அழுதார். "எல்லாம் என்னாலதான்" என்று மதிவதனி கத்தினாள். அப்போதுதான், மின்கம்பி இல்லாத அந்தக் கணினியின் திரை வெளிச்சமாக இருப்பதைப் பார்த்தாள்.

'ஒன்று இருபது. கதவு திறப்பு. உள்ளிருந்து.'

அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது.

வெப்பமானி அறுநூறைத் தாண்டியது. அவள் கதவெதிரே நின்றாள். திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். கட்டிய கணவன் உள்ளே இருக்கும் கதவு அது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

ஒன்று பத்தொன்பது.

ஒன்று இருபது.

கைப்பிடி மெல்ல இறங்கியது. கதவிடுக்கை நான்கு விரல்கள் பற்றின. வெள்ளை விரல்கள். சுட்டெடுத்த பீங்கானாக, மெருகேறி, பளபளத்தன.