அறுபத்தொரு மீசை

செலின் கையில் இருந்த தாளுக்கு இன்னும் பதினோரு நாள் ஆயுள் இருந்தது. பெருமட்டம் மெய்மை அலுவலகத்தின் வாசல் பொறி அதன் ஓரத்தில் சிவப்பாக அச்சடித்துத் திருப்பித் தந்திருந்தது: ‘ஒற்றைத்தாள். முப்பதாம் நாள் கூழாக்கப்படும்.’

ஒற்றை என்றால் போலி. வேண்டிய படத்தை, வேண்டிய குரலை, வேண்டிய கையெழுத்தைக் கணினிகள் நொடியில் செய்துகொடுத்த காலத்தில் ஊர் ஊராகச் சொத்தும் மானமும் போயின. செத்துப்போன மாமனார்கள் வாரத்துக்கு ஓர் உயில் எழுதினார்கள். அப்போது வந்ததுதான் மெய்காணி. அதன் கணக்கு எளிது. ஏழு கைகளில் இருந்து ஏழு சான்று வேண்டும். அவற்றில் குறைந்தது நான்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்தது மெய், மற்றது கூழ். அன்றிலிருந்து தாலி கட்டும்போது ஏழு பேர் ஏழு பக்கம் நின்று படம் பிடிக்கிறார்கள். பிரசவ அறையில் கூட்டம் தாங்கவில்லை. ஒரே தாளை நூறு படம் எடுத்து நீட்டி ஏமாற்றவும் முடியாது. நூறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மெய்காணி ஒன்றாகத்தான் எண்ணும்.

“பழைய பாட்டுத்தாள்தானே டீச்சர், போனா என்ன?” என்றார் அலுவலர் குணாளன். கெட்ட மனிதர் இல்லை. அன்று காலையிலிருந்து பதினேழு பேரின் குடும்பப் படங்களைக் கூழுக்கு அனுப்பியிருந்தார், முகம் சோர்ந்திருந்தது.

“போனா நாங்க போயிருவோம் சார்” என்றாள் யோகம்மா. மேல் லைன் என்ற தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்து கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைவி. செலினுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தில் சிரிப்பு இசைநாடகம் என்றால் உயிரை விடுவார்கள். மலைக்கு வந்த தோட்டத்துரைகளும் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். லண்டனிலிருந்து வாத்தியக்காரர்களுக்கான தாள்களை வாடகைக்கு வரவழைத்து, பெருமட்டம் கிளப்பில் வேஷம் கட்டி ஆடினார்கள். சபை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் அதே பாட்டைத் திருப்பிப் பாடுவது மரியாதை இல்லை. அந்தந்த ஊர்ச் சங்கதியை வைத்துப் புதிதாக ஓர் அடி கட்டிப் பாட வேண்டும். கிளப் மூடிப் பல காலம் ஆகி, அதன் அலமாரியைப் பிரித்தபோது செலினுக்குக் கிடைத்தது கார்னெட் ஊதுபவனின் தாள்கட்டு. மீசைக்கு வரி போடும் மேயர் ஒருவரைப் பற்றிய நாடகம். மேயர் பாட்டின் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. மேலே 1887 செப்டம்பர் 3 என்று தேதி. கீழே பேனாவால் எழுதிய ஒன்ஸ்மோர் அடி. செலின் அதை யோகம்மாவுக்கு இப்படித் தமிழில் சொன்னாள்:

*மேல் லைனில் மண் சரிஞ்சுது, மேயரே மேயரே,*
*அறுபத்தொரு கூலி மீசை வரி கட்டாம ஓடிப்போச்சு.*
*தோண்டி எடுத்தா செலவாகும், விட்டிருங்க விட்டிருங்க,*
*அடுத்த வருசத் தேயிலைக்கு அதைவிட உரம் ஏது?*

 யோகம்மா அன்று கேட்டது ஒன்றுதான்: “மேல் லைன்னு அவனே பேரு போட்டு எழுதியிருக்கானா?” எழுதியிருந்தான். மேல் லைன் என்று பெயரோடு எழுதியிருந்தான். இப்போது அதே சரிவின் தலையில் ஒரு கம்பெனி மின்சாரத்துக்காக நீர்த்தேக்கம் கட்டப் போகிறது. அடியில் நூற்று நாற்பது குடும்பங்கள். இங்கே மண் இறங்கியதே இல்லை என்கிறது கம்பெனி. தோட்டத்தின் பழைய பதிவேடுகள் ஏழும் அதையே சொல்கின்றன. ஏழு குமாஸ்தாக்கள் எழுதியவை, ஆகவே மெய். அந்த ஏழு பேருக்கும் ஒரே துரை சம்பளம் கொடுத்தார் என்பதை மெய்காணி கேட்காது. மெய் என்று முத்திரை விழுந்ததை மறுபடி தோண்டிப் பார்க்க எந்த மண் ஆய்வாளருக்கும் அனுமதியும் கிடையாது. விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

குணாளன் தாளைத் திருப்பிப் பார்த்தார். “ஆறு கை முறைன்னு ஒண்ணு இருக்கு. இந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஆறு பேரை மெய்காணியே சீட்டுப் போட்டு எடுக்கும். ஆளுக்கொரு நாள், தனி அறையில உக்காந்து கையால படி எடுப்பாங்க. உங்க தாளோட சேத்து ஏழு. நாலு ஒத்தா மெய்.”

“அவங்ககிட்ட எதைக் கவனிக்கணும்னு சொல்லலாமா?”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கையில நாடிப்பட்டை கட்டிட்டு ரெண்டு கேள்வி கேக்கும். எழுதினது இந்தத் தாள்ல இருந்ததா? யாராவது சொல்லிக்குடுத்தாங்களா? ரெண்டாவதுக்கு நாடி துள்ளுச்சுன்னா எல்லாமே ரத்து. ஒரு தாளுக்கு ஒரு தடவைதான் டீச்சர்.”

சீட்டு விழுந்தது. ஆறு பெயரையும் படித்தபோது செலினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆறு பேரும் அவளுடைய ஆட்கள். பழைய இங்கிலீஷ் கையெழுத்தும் இசைக்குறியும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவள் இருபத்திரண்டு வருடமாக நடத்திவரும் பரிமாற்றக் குழு அது. இந்தச் சிரிப்பு நாடகங்களின் தாள்களைத் தேடிப் பிடித்து, சுத்தமாகப் படியெடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்புவார்கள். சிட்னியில் ஒரு பல் மருத்துவர், ஒசாகாவில் ஒரு பள்ளிக்கூடம் என்று உலகம் பூராவும் வாசகர்கள். பெருமட்டம் படி என்றால் கமா கூடத் தவறாது, பிள்ளைகளிடம் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கித் தந்தவள் செலின்தான். குழுவுக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: சிரிப்பு இருக்கட்டும், யாரும் நோக வேண்டாம். கூலி, கறுப்பன் என்று வருகிற இடத்தையெல்லாம் பகிரும் முன் அவளே பார்த்துப் பார்த்து எடுத்துவிடுவாள்.

“நல்லவங்களா?” என்று கேட்டாள் யோகம்மா.

“தங்கமானவங்க.”

அந்த ஆறு நாளும் செலின் திருடியைப் போல நடமாடினாள். காய்கறிக் கடையில் தெரிந்த முகம் வந்தால் அடுத்த சந்தில் நுழைந்தாள். கைபேசியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். நான்காம் நாள் பேருந்தில் மாட்டிக்கொண்டாள். தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஹென்றி துரைராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் அவருடைய முறை. தாளை ஒரு பார்வை பார்த்துக்கொள்ள அன்று காலையில் வரவழைத்திருந்தார்கள்.

“செலின், ஒரு சின்ன சந்தேகம். அந்த ஓரத்துல ஒட்டியிருக்கற...”

“பேசாதீங்க அங்கிள்.”

“இல்லம்மா, அதை மட்டும்...”

செலின் எழுந்து ஓட்டுநரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். ஊர் இன்னும் மூன்று கிலோமீட்டர். தூறலில் நனைந்துகொண்டே நடந்தாள்.  ஆனாலும் தப்பித்தோம், நேர்மையாக நடந்துகொண்டோம் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். மேல் லைன் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அங்கே சமையல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் முடிவு. கேட்க யோகம்மாவும் ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஆறு படிகளும் கண்ணாடி மேசையில் வரிசையாக விரிக்கப்பட்டன. மெய்காணியின் கண் அவற்றின்மேல் இடமிருந்து வலமாக ஓடியது. மேயர் பாட்டு ஆறிலும் அச்சு அசல். ஒரு சுரம் பிசகவில்லை, ஒரு கமா தவறவில்லை. ஓரத்தில் மட்டும் ஆறிலும் வெறும் வெள்ளை.

செலின் முதல் படியைக் கையில் எடுத்தாள், இரண்டாவதை எடுத்தாள். ஆறாவதைத் திருப்பிப் பின்பக்கத்திலும் தேடினாள்.

பொறி படித்தது: “முதன்மைப் பாடல், ஏழில் ஏழு, மெய். துண்டுச்சீட்டு, ஏழில் ஒன்று, பொய். பிற்காலத்தில் ஒட்டப்பட்டது. நோக்கம், ஒரு சமூகத்தை இழிவுபடுத்துதல். தாளின் உரிமையாளர் எச்சரிக்கப்படுகிறார்.”

ஹென்றி துரைராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அன்னைக்கு பஸ்ல அதைத்தான் கேக்க வந்தேன். வழக்கம் போல விட்டுடலாமான்னு. நீ இறங்கிட்ட. நம்ம சட்டந்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன்.”

ஆறு பேரில் இளையவள் கனகம். பள்ளிக்கூடத்தில் செலினோடு வேலை பார்ப்பவள், பிறந்து வளர்ந்தது மேல் லைனில். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

“என் முப்பாட்டனை உரம்னு எழுதியிருக்கான் டீச்சர். அதை நான் என் கையால திருப்பி எழுதணுமா?”

“செத்தாங்கங்கறதுக்கு அது ஒண்ணுதான் கனகம் சாட்சி.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லக் கூடாதுன்னு சட்டம்.”

“இருபத்திரண்டு வருசமா சொன்னீங்களே, நோகற எதையும் எழுதாதேன்னு. அது சொல்லிக்குடுத்ததுல சேராதா?”

 எழுதியது பொய்யா என்று கேட்கும் பொறி, எழுதாமல் விட்டதை ஒருவரிடமும் கேட்கவில்லை. நல்ல மனசுக்காரர்கள் ஆறு பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே மாதிரி நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். அதைவிடப் பலமான சாட்சியம் மெய்காணிக்குக் கிடைத்ததே இல்லை. குணாளன் துண்டுச்சீட்டைப் பிரித்தெடுத்துக் கூழ்ப்பொறியின் வாயில் வைத்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது உள்ளே போனது.

யோகம்மா யாரையும் திட்டவில்லை. கூழ்ப்பொறி அடங்கியதும் செலினைப் பார்த்துக் கேட்டாள்: “ஏழு பேரு வேணும், அவ்வளவுதானே? நாங்க நானூறு பேரு இருக்கோம். பாட்டைச் சொல்லிக்குடுங்க.”

அடுத்த நாலு சாயங்காலம் மேல் லைன் குழாயடியில் பாட்டு வகுப்பு நடந்தது. இங்கிலீஷும் தமிழுமாகச் செலின் சொல்லச் சொல்ல, முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து, “எங்க அப்பாருக்கு அப்பாரை ஏசறதை நானே பாடணுமா?” என்று துண்டை உதறிவிட்டுப் போனார். யோகம்மா அவர் பின்னாலேயே போய் இழுத்து வந்தாள்.

“நம்ம ஆளுக எழுதி வெக்கல மாமா. எழுதத் தெரியாது. ஏசுனவன் வாயிலதான் நம்ம கணக்கு இருக்கு. பாடுங்க.”

பாடினார்கள். அந்த மெட்டு சனியன் பிடித்த மெட்டு. ஒரு தடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் சின்னப் பிள்ளைகள் மேயரே மேயரே என்று சிரித்துக்கொண்டே குதித்தார்கள். செலினுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, மண் ஊறிக்கொண்டிருந்தது, விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை லைனிலேயே நடந்தது. குணாளன் வண்டியில் நடமாடும் மெய்காணியைக் கொண்டுவந்திருந்தார். கம்பெனியின் வக்கீல் குடைக்குள் நின்றார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் நாடிப்பட்டை கட்டிக்கொண்டு, அறுபத்தொரு பேரின் சாவை, அவர்களைத் தோண்டி எடுக்காமல் விட்டவர்கள் சிரித்த அதே சிரிப்பு மெட்டில், மழையில் நின்று பாடினார்கள். கனகம் முன்வரிசையில் நின்று உரக்கப் பாடினாள். உரம் என்ற சொல் வந்த இடத்தில் கூட அவள் குரல் தாழவில்லை. தன்னையறியாமல் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த வக்கீல் பாட்டு முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மெய்காணி ஒவ்வொருவரையும் கேட்டது: இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா? தெரியும். யாரிடம் கேட்டீர்கள்? இங்கே, குழாயடியில். ஒரு நாடி கூடத் துள்ளவில்லை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

பச்சை விளக்கு எரிந்தது.  செலின் யோகம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“பாடல், நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பன்னிரண்டு, மெய். முதலில் பாடப்பட்ட இடம், மேல் லைன். காலம், நான்கு நாட்களுக்கு முன்பு. இயற்றியோர், மேல் லைன் குடியிருப்பாளர்கள். வகை, நகைச்சுவை.”

குணாளன் சான்றிதழை அச்செடுத்து யோகம்மாவிடம் நீட்டினார். கை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீல் தனக்கும் ஒரு படி கேட்டு வாங்கினார். மண் சரிவு என்பது குடியிருப்பாளர்களே விளையாட்டாகக் கட்டிய பாட்டு என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் அவருக்குத் தேவையில்லை. அன்றே தேக்கத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

யோகம்மா படிக்கச் சொன்னாள். கனகம் படித்தாள். கேட்டுவிட்டு யோகம்மா அந்தத் தாளை நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அப்ப, நம்மளை ஏசுனது நாமதான்னு மெய்யாயிருச்சு” என்றாள். “செத்தது மட்டுந்தான் பொய்யா டீச்சர்?”