காலி ஃபோல்டரில் நாலு ஜிபி!

"மேடம்! சுண்ணாம்புத் தொட்டியில பொணம்!"

போனை வைத்த வேகத்தில் ஆம்பூர் இன்ஸ்பெக்டர் பூரணி ஜீப்பில் தாவினாள்.

தோல் தொழிற்சாலை முன்பு கூட்டம். இறந்தவன் தமிழ்வேந்தன். கேமராக்களைப் பராமரிப்பவன். பின்மண்டையில் ஆழமான காயம்!

"வழுக்கி விழுந்துட்டான் மேடம்..." மேனேஜர் மதியழகன் நெற்றியைத் துடைத்தார். "காலையில ஆறு மணி. யாருமே இல்ல."

"தொட்டிக்கு நேரா கேமரா இருக்கே?"

"மூணாம் நம்பர்... ரிப்பேர்!"

கம்ப்யூட்டர் அறை. தமிழ்வேந்தனுடன் தினமும் டீ குடித்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஹேமலதா கீபோர்டு முன் அமர்ந்தாள்.

ls cam3*

"கேம் த்ரீன்னு ஆரம்பிக்கிற எல்லா ஃபைலும் வரணும் மேடம்."

'அப்படி எந்த ஃபைலும் இல்லை' என்றது திரை.

"பேரு பெரிய எழுத்துல இருக்குமோ?"

ls CAM3*

இல்லை!

எல்லா ஃபைலையும் கேட்டு, வெறும் நட்சத்திரக் குறி (*) மட்டும் போட்டாள். அப்போதும் எதுவும் இல்லை!

"சொன்னேன்ல?" மதியழகன் சீறினார். "பேஜார் பண்ணாம எழுந்திரும்மா. நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

ஹேமலதா நகம் கடித்தாள். எழுந்திருக்கவில்லை. ஃபோல்டரின் எடையைப் பார்க்க du -sh என்று தட்டினாள்.

4.0G!

"மேடம்... காலி ஃபோல்டருக்கு நாலு ஜிபி எதுக்கு?"

"இன்னாம்மா சொல்ற?" என்றாள் பூரணி.

"ஃபைல் இருக்கு! பேரு புள்ளியில ஆரம்பிச்சா, நட்சத்திரம் அதைக் காட்டாது!"

ls -a

.cam3_0605.mp4

ஓட விட்டாள். தொட்டி ஓரம் தமிழ்வேந்தன். கழிவுநீர்க் குழாயைச் செல்போனில் படம் எடுக்கிறான். பின்னால் இரும்புத் தடியுடன்...

மதியழகன்!

"இருக்க முடியாது! நானே ஸ்டார் போட்டு எல்லாத்தையும் அழிச்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது!

"காட்டாத ஃபைலை நட்சத்திரம் அழிக்கவும் அழிக்காது சார்," என்றாள் ஹேமலதா.

"புள்ளி வெச்சது நீயா?" பூரணி கேட்டாள்.

"நான் இல்ல மேடம்."

ஹேமலதா கேமராவின் செட்டிங்கைத் திறந்தாள். நேற்றைய தேதி. மாற்றியவர் பெயர்... தமிழ்வேந்தன்!

அவள் கண்கள் நிரம்பின. "பாலாத்துல கழிவு விடுற வீடியோ தினம் காணாம போவுதுன்னு பொலம்பினான் மேடம். யாரோ அழிக்கிறாங்கன்னு தெரிஞ்சு, ஃபைல் பேரையே மாத்தி வெச்சிருக்கான்!"

செத்தவனே கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்திருந்தான்.

மதியழகனின் கையில் விலங்கு விழுந்தது. "வக்கீலோட பேசணும்..."

"ஸ்டேஷன்ல பேசலாம் சார். அங்கயும் கேமரா இருக்கு..." பூரணி சிரித்தாள். "அதை அழிக்கப் பாஸ்வேர்டு மட்டும் கேட்டுடாதீங்க!"